குடைக்குள் பிரம்பு

சபாபதி கங்காணி ஒரு செம்பருத்திப் பூவை மூக்கருகே பிடித்து நெடுநேரம் முகர்ந்துகொண்டிருந்தார். செம்பருத்திக்கு வாசனை கிடையாது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. கக்கத்தில் குடை. குடைக்குள் பிரம்பு.

"மூஞ்சியைக் கொஞ்சம் சிரிச்சாப்ல வச்சுக்குங்க. பூவை அடிக்கப் போற மாதிரி இருக்கு," என்றாள் மனைவி புஷ்பவள்ளி.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜொகூர் பட்டணத்துப் பூங்காவில் குடும்பம் குடும்பமாக உலாத்துவார்கள். கங்காணியும் அப்படி ஒரு குடும்பஸ்தராகத் தெரிய வேண்டியிருந்தது.

கூலியாள் வீரமுத்து ரப்பர்த் தோட்டத்தை விட்டு ஓடிப் பதினெட்டு நாளாகிறது. நாளைக் காலைப் பெரட்டில் ஆள் எண்ணும்போது அவன் வரிசையில் நிற்காவிட்டால், கங்காணி வேலை வேறொருவனுக்கு என்று துரை சொல்லிவிட்டார். அவன் இந்தப் பூங்காவில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறான் என்று துப்புக் கொண்டுவந்தவள் புஷ்பவள்ளி. பெண்டாட்டி பிள்ளையோடு போனால் அவனுக்குச் சந்தேகம் வராது என்பதும் அவள் யோசனைதான். காலை ரயிலில் மூவரும் வந்து இறங்கினார்கள்.

"கெடைக்கட்டும். குளுவாங் ஸ்டேஷன்லேர்ந்து எட்டாங்கட்டைத் தோட்டம் வரைக்கும் ஒவ்வொரு மைல்கட்டைக்கும் பத்துப் பிரம்படி," என்றார் கங்காணி, பூவைப் பார்த்து.

"பேரைச் சொல்லி யாரையும் விசாரிச்சிடாதீங்க. காதுல விழுந்தா ஓடிருவான். நடந்தே பாப்போம்."

ஏழு வயது மகள் சந்திரமதி தொட்டாற்சிணுங்கியின் பக்கத்தில் குந்தி, ஒவ்வோர் இலையாக மூடிக்கொண்டிருந்தாள். கிழத் தோட்டக்காரர் மணியம் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு வந்தார்.

"அதைத் தூங்க வச்சது போதும் பாப்பா. வா, மீன் காட்டுறேன்." கங்காணியிடம் திரும்பினார். "நீங்களும் வாங்கய்யா. மேடு பள்ளமில்லாத பாதை. கைக்குழந்தைகூட நடக்கும்."

கைக்குழந்தை நடக்கலாம். கங்காணிக்குத்தான் சிரமமாக இருந்தது. கனவான் தோற்றத்துக்காகத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியிடம் இரவல் வாங்கிய சப்பாத்து, கிராணியின் காலுக்குச் செய்தது.

குளத்தில் மீன் பார்த்தார்கள். ஆலமரத்தில் கூடு பார்த்தார்கள். மணியம் ஒவ்வொரு மரத்துக்கும் ஊர், வயது, குணம் எல்லாம் சொன்னார். கங்காணி ஒவ்வொரு மரத்துக்கும் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு ஆசையா மரம் பாக்குற மனுசரை நான் கண்டதில்லை," என்றார் மணியம்.

"அவருக்கு மரம்னா உசிரு," என்றாள் புஷ்பவள்ளி. "மணி என்னங்க ஆகுது?"

"மூணும்மா."

இரண்டாவது சுற்றில் கங்காணி நொண்ட ஆரம்பித்தார். புஷ்பவள்ளி தலையில் இருந்த மூட்டை அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது.

"சாயங்காலம் திரும்பிப் போறதுக்கு எதுக்குடி இவ்வளவு பெரிய மூட்டை?"

"புள்ளை மண்ணுல விழுந்து பொரண்டா மாத்துத்துணி வேணாமா? வாங்க, மூங்கில் புதர்ப் பக்கம் இன்னும் பாக்கல."

"எவ்வளவு தூரம்பா?" என்றாள் சந்திரமதி.

"கொஞ்ச தூரந்தான்."

கங்காணியின் வாயில் ஊறிப்போன பதில் அது. ஊரில் ஆள் சேர்க்கும்போதும் சொல்வார், கப்பலை விட்டு இறங்கும்போதும் சொல்வார், குளுவாங்கில் ரயிலை விட்டு இறக்கி நடக்க வைக்கும்போதும் சொல்வார். சொன்னதும் பழைய நினைவு ஒன்று வர, சிரித்தார்.

"ஒங்காத்தா ஆறாங்கட்டையில உக்காந்தாளே, ஞாபகம் இருக்கா? ரெண்டே கட்டைதான் பாக்கி. அதுக்குள்ள உசிரை விட்டுட்டா. தெம்பில்லாத வம்சம்."

"இருக்குங்க. காலெல்லாம் கொப்புளம்," என்றாள் புஷ்பவள்ளி. பிறகு மணியத்திடம், "மணி என்னங்க?"

"நாலு. என்னம்மா, ரயிலுக்கு நேரமாச்சா?"

"இன்னும் இல்லீங்க."

மூன்றாவது சுற்று முடியும்போது கங்காணி குளத்தோரக் கல் பெஞ்சில் விழுந்தார். சப்பாத்தைக் கழற்றினார். இரண்டு குதிகாலிலும் தோல் வழன்றிருந்தது. பொறுமையும் வழன்றது.

"யோவ் பெரியவரே. இங்க வீரமுத்துன்னு ஒருத்தன் தண்ணி ஊத்துறானே, எங்க அவன்?"

மணியம் யோசித்தார். "அப்படி யாரும் இல்லையே. இருபது வருசமா நானும் ரெண்டு மலாய்க்காரங்களும்தான் இங்க. நல்லாத் தெரியுமா உங்களுக்கு?"

கங்காணி மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் மணியத்தைப் பார்த்தாள்.

"அஞ்சாச்சும்மா," என்றார் மணியம், கேட்காமலே.

புஷ்பவள்ளி மூட்டையைச் சரிசெய்துகொண்டு மகளின் கையைப் பிடித்தாள்.

"எங்கடி வீரமுத்து?"

"ரயில்ல வந்துக்கிட்டிருக்காரு. காலையில நாம கெளம்புனதும் அவரு கூலிங்க லயத்துக்கு வந்துட்டாரு. ஒங்க ஆளுங்க நாப்பத்திரண்டு பேரையும் கூட்டிக்கிட்டு அஞ்சரை ரயில்ல இங்க வர்றாரு. அப்படியே சிங்கப்பூர். பிரம்பு ஊர்ல இல்லாத ஒரு நாள் கேட்டாங்க, குடுத்தேன். நாளைக்குப் பெரட்டுல நீங்க ஒருத்தரே வரிசையா நில்லுங்க."

கங்காணி எழுந்தார். குதிகால் தரையில் பட்டதும் உட்கார்ந்தார்.

அவள் குடையை எடுத்தாள். உள்ளேயிருந்த பிரம்பை உருவி, மரியாதையாக அவர் சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். குடையை விரித்து மகளுக்குப் பிடித்தாள்.

"ஏய், நில்லு. புள்ளையை எவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போற?"

புஷ்பவள்ளி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"கொஞ்ச தூரந்தான்."