கதவு இடித்த காயம்

மருமகளின் முழங்காலில் கன்றிப்போன காயத்தைப் பார்த்ததும் மாமியார் அருகில் வந்து குனிந்து பார்த்தாள்.

"கால்ல என்னம்மா?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன் அத்தை."

போன வாரம் முழங்கையில் காயம். அதற்கும் இதே கதவுதான். ஒரு கதவு இப்படித் தேடித் தேடியா இடிக்கும்? மகன் வேறு இப்போதெல்லாம் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறான்.

மாலையில் மருமகள் நடக்கப் போயிருந்த நேரம் பார்த்து மகனை நிறுத்தினாள்.

"அவ மேல கை வச்சியா? மறைக்காம சொல்லு. பெத்த பிள்ளைன்னு பார்க்க மாட்டேன். நானே அவளைக் கூட்டிட்டுப் போய் போலீஸ்ல சொல்லுவேன்."

மகன் தலையில் அடித்துக்கொண்டான். "ஐயோ அம்மா! செருப்பை மாட்டிட்டு வாங்க, காட்டறேன்."

பூங்காவில் ஒரு பெண் சக்கரப் பலகையில் விரைந்து வந்து எம்பினாள். பலகைக்கு அடியிலிருந்த இரும்பு, சிமெண்ட் திண்டின் விளிம்பில் கர்ரென்று உரசிக்கொண்டே போனது. பாதியில் தடுமாறிப் பொத்தென்று விழுந்தாள். எழுந்து திரும்பியவள் மாமியாரைப் பார்த்து விறைத்து நின்றாள். மருமகளேதான்!

"ஸ்கேட்போர்டு கத்துக்கறேன் அத்தை. திட்டுவீங்கன்னுதான் சொல்லலை."

மாமியார் அப்படியே திண்டில் உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சிலிருந்து பாறாங்கல் ஒன்று இறங்கியது போலிருந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பக்கத்தில் நின்ற மகனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"திட்டத்தான் போறேன்! முட்டிக்குப் பட்டை கட்டாம எவளாவது இதுல ஏறுவாளா?" என்றவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு திண்டை விட்டு எழுந்து வழிவிட்டாள்.

"சரி, இன்னொரு தடவை வா. இந்த முறை கடைசி வரைக்கும் போயிடணும்."