விளக்குக் கரி

ஏனாத்தூர் ஆய்வகத்தில் காவேரிக்கு வேலை, கரியில் கனமான அணுவும் லேசான அணுவும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்று அளப்பது. இயந்திரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தினமும் முதலில் வீட்டுக் காமாட்சி விளக்கின் கரியைத்தான் போடுவாள். அக்காவின் கைக்குழந்தைக்கு மை கூட்ட, அம்மா சுடர்மேல் செப்புத் தட்டைக் கவிழ்த்துப் பிடிக்கிற கரி அது. பூமியில் எந்தக் கரியானாலும் கனமான ஓர் அணுவுக்கு லேசானவை எண்பத்தொன்பது வாக்கில் இருக்கும்.

திங்களன்று அறுபது வந்தது. செவ்வாயன்று நாற்பது. புதனன்று இருபது. சர்க்கரையிலும் இருப்பது கரிதான் என்பதால், சரிபார்க்க அதைப் போட்டுப் பார்த்தாள். எண்பத்தொன்பது. இயந்திரத்தில் கோளாறில்லை.

இருபது என்பது வயதான விண்மீன்களின் எண். வயிற்றுக்குள் வெந்தது மேலே வந்து, சிவந்து, ஊதிப் பெருத்து, பக்கத்துக் கோள்களை விழுங்கப் போகிற வயது.

அரைநாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

“எந்த எண்ணெய்மா ஊத்துற?”

“எண்ணெய் ஞாயித்துக்கெழமையே தீந்துபோச்சுமா. அது பாட்டுக்கு எரிஞ்சிக்கினு இருக்குது. அம்மன் கருணைன்னு நெனச்சிக்கினேன்.”

சுடர் செக்கச்செவேலென்று எலுமிச்சம்பழம் அளவுக்குப் பருத்திருந்தது. காவேரி ஒரு பூவை வைத்து விளக்கை மலையேற்றினாள். உடனே அடங்கிவிட்டது. பெருமூச்சு விட்டுத் தூளியை விலக்கிப் பார்த்தாள்.

குழந்தை அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. கன்னத்தில் அந்த விளக்குக் கரியில் கூட்டிய மையால் அம்மா வைத்த திருஷ்டிப் பொட்டின் விளிம்பு சிவந்து, மெல்ல அகன்றுகொண்டிருந்தது.