உப்பு கூடிப்போன நாள்

பூட்டிக் கிடந்த வீட்டின் மதிலில் அன்றும் மத்தியானம் காக்கை வந்து உட்கார்ந்தது. அங்கே அதற்குத் தினமும் சோறு வைத்த காந்திமதியை மகன் சென்னைக்கு அழைத்துப் போய் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது.

"பசியா? பக்கத்து வீட்டில் போடுகிறார்களே," என்றது மைனா.

"அங்கே சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறேன்."

"பிறகு இங்கே என்ன ஏக்கம்? செத்துப்போன புருஷன் என்று நினைத்துத்தானே உனக்குச் சோறு வைத்தாள்! அந்தப் பாசமே தப்புக் கணக்கு. அதற்கு நீ ஏங்குவது அதைவிட அசட்டுத்தனம்."

"வாஸ்தவம்தான்," என்றது காக்கை. "ஒருநாள், 'உப்பு கூடிப்போச்சுங்க, கோவிச்சுக்காதீங்க' என்று பயந்துகொண்டே வைத்தாள். உப்பு கூடினால் அவர் தட்டை விசிறி எறிவாராம். நான் ஒரு பருக்கை விடாமல் தின்றேன். 'இப்பவாவது மனசு வந்துச்சே உங்களுக்கு' என்று அங்கேயே உட்கார்ந்து அழுதாள்."

"நீ அவர் இல்லையே! அந்த அழுகைக்கு என்ன அர்த்தம்?"

"தெரியவில்லை. ஆனால் அதற்கப்புறம் எந்த வீட்டுச் சோற்றிலும் எனக்கு உப்புப் போதவில்லை."