ஆறு வாரக் கெடு

ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் ஹாலில் அத்தனை கண்ணும் அந்த அம்மாள் மேல்தான்.

அவள் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். வெள்ளை மீசைக் கணவர் பின்னால் நின்று, வாயில் ஹேர்ப்பின்னைக் கடித்துக்கொண்டு, அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார்.

"கை நல்லாத்தானே இருக்கு அந்தம்மாவுக்கு? பாவம் மனுஷன்" என்று ஒருத்தி முணுமுணுத்தாள்.

அது அவர் காதில் விழுந்துவிட்டது.

"நெஞ்சுல பேஸ்மேக்கர் வச்சிருக்கும்மா. இடது கையைத் தோளுக்கு மேல தூக்கினா உள்ள இருக்கிற வயர் நகர்ந்துடும்னு டாக்டர் சொல்லியிருக்கார். பதினஞ்சு வருஷமா சீப்பு என் கையிலதான்" என்றார், மெடல் வாங்கியவர் போல.

அம்மாளை உள்ளே கூப்பிட்டார்கள். பேஸ்மேக்கர் பெட்டியை ஒரு தடவை மாற்றியாகிவிட்டது. வயர் மட்டும் அதே பழசு. அது நைந்து போயிருந்தால் மறுபடி ஆபரேஷன்.

டெக்னீஷியன் பெண் திரையை மேலும் கீழும் பார்த்தாள்.

"வயர் ஜம்முனு இருக்கும்மா. கவலையே வேண்டாம்."

அம்மாள் சிரித்த சிரிப்பில் கட்டிலே ஆடியது.

"ஆனா ஒண்ணு, வெளியில ஐயா சொன்னது என் காதுலயும் விழுந்தது. கையைத் தூக்கக் கூடாதுங்கிறது முதல் ஆறு வாரம்தான். வயர் உள்ள பிடிச்சுக்கிற வரைக்கும். இத்தனை வருஷமா யாரும் சொல்லலையா? அசைக்காமலே வச்சிருந்தா தோள் இறுகிடுமே."

"அதெல்லாம் ஏழாவது வாரமே நர்ஸ் சொல்லிட்டாங்க. அவர் கடைக்குப் போனதும் மேல் அலமாரியெல்லாம் நான்தானே துடைக்கிறேன்."

"அப்புறம் எதுக்கும்மா இந்த நாடகம்?"

அம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"கல்யாணமான நாள்லேர்ந்து பேப்பருக்குப் பின்னாடியே இருந்த மனுஷன். ஆபரேஷன் ஆனப்புறம்தான் தினம் அரை மணி நேரம் தலை பின்னிக்கிட்டே பேசுறார். வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கிறார். அவர்கிட்ட சொல்லிடாதம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

அடுத்த சோதனைக்குத் தேதி வாங்க அவள் கவுண்டருக்குப் போனாள். கணவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"வயர்?"

"பிரமாதமா இருக்கு ஐயா."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு திருடன் மாதிரி உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினார்.

"ஆறு வாரத்தைப் பத்தி அவ ஏதாவது சொன்னாளா?"

டெக்னீஷியன் பெண் திருதிருவென்று விழித்தாள்.

"பயப்படாதம்மா. வீட்டுல நாங்க ரெண்டே பேர். பதினஞ்சு வருஷமா மேல் அலமாரியில ஒரு பொட்டுத் தூசி இல்ல. எனக்குத் தெரியாதா? ஆனா எனக்குத் தெரியும்கிறதை மட்டும் அவகிட்ட சொல்லிடாத."

"சொன்னா என்ன ஐயா?"

"சீப்பைப் பிடுங்கிக்குவா. அப்புறம் இந்த வயசுல எனக்குப் பேச்சுத் துணை அந்தப் பேப்பர்தான்."