ஒரு பத்திரம் குறையுது

வந்த அம்மா கதிரையில் இருக்கவில்லை. கஜனியின் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஸ்கந்தபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வட்டக்கச்சிக்கு வந்ததாகச் சொன்னார். பெயர் விமலேஸ்வரி. அறுபது வயதுக்குக் கிட்ட இருக்கும். கனடாச் செந்தூரனின் மனைவி இருக்கும் வீடு எது என்று அவர் சந்திக் கடையில் விசாரித்ததைக் கடைக்காரர் போன் எடுத்து முதலே சொல்லியிருந்தார்.

எத்தனை மாதம் என்று கேட்டார். ஏழு என்றாள் கஜனி. சொன்ன பிறகு, ஏன் சொன்னோம் என்றிருந்தது.

வீட்டில் வேறு யாரும் இல்லை. அம்மா வயலுக்குப் போயிருந்தாள்.

செந்தூரன் தங்கள் கல்யாணத்துக்குக் கனடாவிலிருந்து வந்து இரண்டு மாதம் நின்றுவிட்டுப் போனவன். போன கையோடு அவளை அங்கே எடுக்க ஸ்பொன்சர் போட்டான். அவள் வயிற்றில் பிள்ளை என்று தெரிந்ததும் இன்னும் அவசரப்பட்டான். பிள்ளை தன் கண்முன்னால் பிறக்க வேண்டும் என்றான்.

முதலில் எல்லாம் வேகமாக நடந்தது. பிறகு ஒரு நாள் அப்படியே நின்றுபோனது.

ஒரு பத்திரம் குறையுது என்று மட்டும் சொன்னான். என்ன பத்திரம் என்று கேட்டால் வேலைக்கு நேரமாகிறது என்பான்.

அன்றிலிருந்து கஜனி வீடியோவில் அவன் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். அவனுக்குப் பின்னால் தெரியும் கதவைப் பார்த்தாள். கதவில் தொங்கும் உடுப்புகளைப் பார்த்தாள். அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்று நம்ப ஒரு சின்ன அடையாளம் போதும். அதுதான் கிடைக்கவில்லை.

தேத்தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்.

"அவர் இப்பவும் நித்திரையில பல்லுக் கடிக்கிறவரோ?"

அது தனக்கு மட்டும் தெரிந்த விடயம் என்று கஜனி நினைத்திருந்தாள். நீங்கள் ஆர் என்று கேட்டாள்.

விமலேஸ்வரி மறைக்கவில்லை. தன் மகள் சுதாஜினியைச் செந்தூரன் முதலே கல்யாணம் முடித்தவன் என்றார். வீட்டுக்கு வீடு இளம் பிள்ளைகளை இயக்கம் சண்டைக்குப் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில், கல்யாணம் செய்தால் தப்பலாம் என்று அவசரமாகச் செய்த கல்யாணம். பதிவும் இருக்கிறது.

பிடித்துவிட்டேன் என்ற ஒரு திருப்திதான் கஜனிக்கு முதலில் வந்தது. கோபம் வந்தது அதற்குப் பிறகுதான்.

"அவா இப்ப எங்க?"

"அதைத்தான் பிள்ளை, சண்டை முடிஞ்ச நாளில இருந்து நானும் கேட்டுக்கொண்டிருக்கிறன்."

அப்போதுதான் அவர் கதிரையில் இருந்தார்.

முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியே வரும்போது செல் விழுந்து வெடித்தது. சனம் சிதறியது. திரும்பிப் பார்த்தபோது செந்தூரன் நின்றான், சுதாஜினி இல்லை. கையை எங்கே விட்டாய் என்று அவர் அவனிடம் இதுவரை கேட்கவில்லை. கேட்காமலே அவனைச் சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்துவிட்டார். மகளின் படத்தை மடியில் வைத்தபடி கிளிநொச்சிப் போராட்டக் கொட்டகையில், காணாமல் போன பிள்ளைகளைத் தேடும் மற்றத் தாய்மாரோடு இருந்தார். மரணப் பதிவு தருகிறோம் என்று எத்தனையோ முறை அரசாங்கக் கந்தோரிலிருந்து வந்தார்கள். அவர் வாங்கவில்லை.

கனடாவில் அகதியாகக் கேட்டபோது செந்தூரன் சுதாஜினியைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். அந்த மனைவிக்கு என்ன நடந்தது என்று இப்போது அங்கே கேட்கிறார்கள். அவள் இறந்துவிட்டாள் என்று பதிந்தால்தான் கஜனி போகலாம்.

புருசன் என்ற முறையில் அவனே பதிந்திருக்கலாம். ஆனால் அவன் இவரிடம் போனில் கேட்டான். நீங்கள் சொல்லாமல் நான் சொல்லமாட்டேன் என்று அழுதான். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாள் என்றான்.

விமலேஸ்வரி அதை நம்பவில்லை. அலுவல் முடிக்கப் பொய் சொல்கிறான் என்று நினைத்தார். கண்ணால் பார்க்கத்தான் பஸ் ஏறினார்.

கஜனி எழும்பி அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

விமலேஸ்வரி வயிற்றைத் தொடவில்லை. பொய்யில்லை என்று தனக்குள் முணுமுணுத்தார். நாளைக்குப் பதியக் கந்தோருக்குப் போவதாகச் சொன்னார்.

வேண்டாம் அம்மா, நீங்கள் போகாதேங்கோ என்று சொல்லிவிடலாமா என்று கஜனி யோசித்தாள். ஆனால் கனடாவுக்குப் போகவேண்டும் என்ற ஆசை அவளிடம் இன்னும் இருந்தது.

அவர் வாசலுக்கு வந்து செருப்பைப் போட்டார். இது செந்தூரனுக்குத் தலைப்பிள்ளை என்றுதான் உமக்குச் சொன்னவரோ என்று திரும்பாமலே கேட்டார்.

கஜனி ஓம் என்றாள்.

அப்படியென்றால் நாளைக்கு இரண்டு பேரைப் பதிய வேண்டும் என்றதையும் அவன் சொல்லியிருக்கமாட்டான் என்றார். அன்றைக்குச் சுதாஜினியின் தோளில் பிள்ளை இருந்தது என்றார்.

கஜனி அவருக்குப் பின்னால் வேலிப் படலைவரை போனாள். பிள்ளையின் பெயரைக் கேட்டாள்.

விமலேஸ்வரி படலையைத் திறந்தார்.

"செல்லடி நேரம் பங்கருக்குள்ள பிறந்தது. பேர் வைக்கேல்லைப் பிள்ளை. நாளைக்கு அங்க கேப்பினம், ஒரு பேர் சொல்லத்தான் வேணும்."