கரடி சொன்ன குளிர்

இந்தக் காலத்துச் சனத்துக்கு மண்டைக்குள் என்னதான் இருக்கிறதோ! மழை வேண்டுமென்று கேட்டால் பயிருக்கு என்றாவது சொல்லலாம். ஸ்னோ கொட்ட வேண்டுமென்று கூட்டம் சேர்த்துக் கேட்கிறவர்களை என்னவென்று சொல்வது?

குருசுமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு மருமகன் மைக்கலைப் பார்த்தார். டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரத்து முதியோர் இல்லத்தின் கீழ்த்தளத்தில், போனை மடியில் வைத்தபடி மைக்கல் தன் சிநேகிதன் பீற்றரோடு குதூகலித்துக்கொண்டிருந்தான்.

"ரஷ்யாப் பக்கக் காத்து மச்சான்! பதினைஞ்சு சென்ரிமீற்றர் ஸ்னோ நிச்சயம்."

"போன கிழமையும் இதைத்தான் சொன்னாய். கடைசியிலை மழைதான் பெய்தது."

"இந்த முறை பனிக்கரடியே சொல்லிப்போட்டுது. ரெண்டு நாளாய் ஆளின்ரை சத்தத்தைக் காணேல்லை. நேற்றுப் பின்னேரம்தான் திரும்ப வந்தது."

பனிக்கரடி என்பது அவர்களுடைய வானிலைக் குழுவில் ஓர் ஆள். பெயரில்லை, முகமில்லை, ஒரு கரடிப் படம் மட்டும். டென்மார்க்கிலுள்ள தமிழ்க் குளிர்ப் பைத்தியங்கள் எல்லாம் அந்தக் கரடியின் வாயைப் பார்த்துக்கொண்டு கிடந்தன.

"அந்தக் கரடி என்ரை கையிலை ஆப்பிட்டுதெண்டால் கழுத்தை நெரிச்சுப்போடுவன்," என்றார் குருசுமுத்து. "மேலை ஒருத்தி மூச்சுக்கு இழுத்துக்கொண்டு கிடக்கிறாள். உங்களுக்கு ஸ்னோ கேக்குதோ?"

"மாமி சுகமாகி வாறா, மாமா. சும்மா பயப்பிடாதேங்கோ."

பயப்படாமல் எப்படி இருப்பது? நியுமோனியா வந்து பிழைத்த நெஞ்சு. ஆஸ்பத்திரியிலிருந்து இங்கே மாற்றும்போது, குளிர் மட்டும் படக்கூடாது என்று டாக்குத்தர் சொல்லிவிட்டார். நேற்று மீன் சொதி வைத்துக் கொண்டுவந்தார். மனிசி யசிந்தா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்த போன் சார்ச் வயருக்குப் பதில் வேறொன்று வாங்கித் தரச்சொல்லித்தான் நின்றாள். கடைக்கு ஓடி வாங்கிக் கொடுத்த பிறகுதான் ஓய்ந்தாள். போனில் செபமாலை கேட்கிறாளாம். செபமாலை கைக்குள் இருக்க, போன் எதற்கு?

இன்றைக்குப் பூசை முடிந்து நேரே வந்தால், அங்கே வேலை செய்யும் கிருசாந்தி வாசலிலேயே மறித்துவிட்டாள். "அன்ரியைக் குளிக்க வாக்கிறம். கீழை இருங்கோ ஐயா, கூப்பிடுறன்." சொல்லும்போது அவள் இவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. அதை அவர் கவனித்து வைத்திருந்தார்.

கூப்பிட்டபாடில்லை. இருக்க மனமில்லாமல், காருக்குள் இருந்த சொதிப் போத்தலை எடுத்து வருவோம் என்று வெளியே போனார். குளிர் மூக்கைக் கிள்ளியது. திரும்பி வரும்போது தற்செயலாக அண்ணாந்து பார்த்தார்.

யசிந்தாவின் அறை யன்னல் அகலத் திறந்து கிடந்தது. திரைச்சீலை வெளியே பறந்துகொண்டிருந்தது.

குருசுமுத்துவுக்கு உடம்பு விறைத்தது. பென்சன் எடுக்கும்வரை இப்படிப்பட்ட இல்லங்களில் நிலம் துடைத்தவர் அவர். ஒரு கிழடு கண்ணை மூடினால் டெனிஷ்காரிகள் முதல் வேலையாக யன்னலைத் திறந்துவிடுவார்கள், ஆத்துமா வெளியே போகட்டும் என்று. அப்படித் திறந்து கிடந்த எத்தனை அறைகளை அவர் கழுவியிருப்பார்! அதற்குப் பிறகுதான் உடம்பைக் கழுவித் துடைப்பார்கள்.

குளிக்க வாக்கிறம் என்று அந்தப் பெட்டை சொன்னது எதை என்று இப்போதுதான் உறைத்தது.

சொதிப் போத்தல் கையிலிருந்து நழுவி வாசற்படியில் விழுந்து உடைந்தது. லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் ஏறினார். மாதாவே, மாதாவே என்பதைத் தவிர வேறொன்றும் வாயில் வரவில்லை. பின்னால் மைக்கல் ஏதோ கத்தினான்.

கதவைத் தள்ளினார். கட்டில் வெறுமையாகக் கிடந்தது. விரிப்பையும் உரித்தெடுத்துவிட்டார்கள். மெத்தை மொட்டையாக அவரைப் பார்த்தது.

"யசிந்தா..." என்றார்.

"ஏன் இப்ப மூச்சிளைக்கிறியள்?"

திரைச்சீலைக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலி. அதில் மூன்று போர்வை, ஒரு கம்பளித் தொப்பி, நடுவிலே யசிந்தாவின் மூக்கு. வலது கை யன்னலுக்கு வெளியே நீண்டிருந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்ற கிருசாந்தி களவு பிடிபட்டவள்போல முழித்தாள்.

"விரிப்பு மாத்துற ரெண்டு நிமிசம்தான் ஐயா. காத்து வேணுமெண்டு அன்ரி விடாப்பிடியாய் நிண்டவா."

குருசுமுத்து யன்னலை அடித்துச் சாத்திவிட்டு மெத்தையில் குந்தினார்.

"செத்துப்போனாய் எண்டு நினைச்சனடி!"

"சாகிறவள் தொப்பி போட்டுக்கொண்டோ சாவாள்?" யசிந்தா கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். போர்வைக்குள் ஏதோ அசைந்தது.

மைக்கலும் பீற்றரும் மூச்சிரைக்க ஓடிவந்தார்கள். மாமியின் மூக்கைக் கண்டதும் மைக்கலுக்கு உயிர் வந்தது. அந்த நேரம் பார்த்து அவனுடைய போன் சிணுங்கியது.

"பீற்றர், பனிக்கரடி! மைனஸ் பதினொண்டாம்! பின்னேரம் ஸ்னோ கட்டாயமாம்!"

குருசுமுத்துவுக்கு இருந்த பயமெல்லாம் கோபமாகத் திரண்டது. எழுந்தார்.

"ஸ்னோவுமில்லை, மண்ணுமில்லை. மழைதான் பெய்யும். பொய்க் கரடி! கையிலை ஆப்பிடட்டும், கழுத்தை நெரிக்கிறன்."

சொல்லிவிட்டு, கொட்டிய சொதியைத் துடைக்கத் துணி தேடிக்கொண்டு, திரும்பிப் பாராமல் வாசலைத் தாண்டி நடந்தார். நாற்காலியிலிருந்து குரல் அவருக்குப் பின்னால் வந்தது.

"கரடியின்ரை கழுத்து இஞ்சைதான் இருக்கு, வந்து நெரியுங்கோவன்!"