ஏனோக்கின் உதடு

ஏனோக்கின் டிரம்பெட்டிலிருந்து சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற சத்தம் வந்தது.

கல்யாண வரவேற்பு மார்ச்சுக்கு ஜோடி ஜோடியாக நின்றவர்கள், தூக்கிய காலைக் கீழே வைத்தார்கள்.

வரிசையில் சாராவோடு கை கோர்த்து நின்ற எட்மண்டுக்குச் சந்தோஷம் தலைக்கேறியது. இந்தச் சத்தத்துக்குத்தான் இத்தனை மாதம் காத்திருந்தான்.

ஏனோக் நிற்பது எட்மண்ட் விட்டுப்போன இடம். செகந்திராபாத்தில் கிறிஸ்தவக் கல்யாணம் என்றால் 'மெர்ரி மேங்கோஸ்' வாசித்தாக வேண்டும். அவர்களிடம் தேதி வாங்கிக்கொண்டுதான் பாதிரியாரையே போய்ப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட பேண்டை எவனாவது விடுவானா?

எட்மண்ட் விட்டான். விடச் சொன்னவர் கொர்னேலியஸ், ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் சீஃப் ஃபோர்மேன்.

"ஊதுததை விட்டுட்டு வாரும். அப்புறம் மத்ததைப் பேசுவோம்."

மோசமான பேரமில்லை. நிரந்தர வேலை, குவார்ட்டர்ஸ், வாசலுக்கு வரும் கம்பெனி பஸ். இனி உதட்டில் டிரம்பெட் படாது என்று பைபிள் மேல் சத்தியம் செய்தான் எட்மண்ட். கையை எடுப்பதற்குள் வருத்தம் ஆரம்பித்துவிட்டது.

ஷிஃப்ட் சங்கு தினமும் சுருதி இறங்கியே ஊதியது. கேட்டவன் ஒருத்தனுமில்லை. பஸ்ஸில் அவன் விரல்கள் முன்சீட்டு நாராயணஸ்வாமியின் தோளில் தானாக வாசித்தன. வாயுப்பிடிப்புக்கு நல்லது என்று அவர் அதே சீட்டைத் துண்டு போட்டுப் பிடிக்க ஆரம்பித்தார்.

மேங்கோஸோ பம்பாய் வரைக்கும் போய் வந்தார்கள். போஸ்டரில் எட்மண்ட் முகம் இருந்த இடத்தில் ஏனோக்கின் மீசை.

இப்போது அந்த மீசைக்குக் கீழே உதடு தக்காளியாக வீங்கிக் கிடக்கிறது.

கைங்கரியம் கொர்னேலியஸுடையது. பேண்டுக்காரர்களுக்கு மார்ச் முடிந்துதான் சாப்பாடு; ஊருக்கே தெரியும். அவர்களை வாசல்படி ஏற்றாத மனுஷனுக்குத் தெரியவில்லை. பெரிய உபசாரம் என்று பிரியாணியையும் காரம் சுடும் மிளகாய்ச் சாலன் குழம்பையும் முதல் பந்தியாக அவர்களுக்கே அனுப்பிவிட்டார்.

மற்றவர்கள் பிழைத்தார்கள். டிரம்ஸை யாரும் உதட்டால் வாசிப்பதில்லை.

ஏனோக் ஐஸ்கட்டியை ஒற்றிக்கொண்டு மறுபடி ஊதினான். எருமை தும்மியது.

டிரம்ஸ் ஜேம்ஸ் மேடையிலிருந்து எட்மண்டைப் பார்த்தான். எட்மண்ட் கொர்னேலியஸைப் பார்த்தான். கொர்னேலியஸ் தலையை மெல்ல, இடமும் வலமும், ஆட்டினார்.

ஊதினால் சத்தியம் போச்சு. நாளைக் காலையில் அந்த மனுஷன் முகத்தில் முழிக்க முடியாது. ஊதாவிட்டால் மேங்கோஸின் மார்ச் கண்ணெதிரே செத்துப்போகும்; தான் போன பிறகு செத்ததென்று சந்தோஷப்படலாம்.

மறுபடி சந்தோஷப்பட்டுப் பார்த்தான். வரவில்லை.

சாரா அவன் முழங்கையைக் கிள்ளினாள். "போறதுன்னா போங்க. எனக்குக் கால் வலிக்குது."

படி இருந்ததை மறந்து மேடையில் தாவி ஏறினான். ஏனோக் டிரம்பெட்டைக் குழந்தையைக் கொடுப்பதுபோலக் கொடுத்தான்.

"மச்சான், அந்தாளப் பார்க்க நக்கோ, பார்க்காதே," என்றான் ஜேம்ஸ். "ஊது."

ஊதினான்.

கூடம் கிளம்பிவிட்டது. நாற்காலிகள் சாய்ந்தன. மெட்டில்டா டீச்சர் பாதிரியாரின் அங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். சாலன் ஊற்றிக்கொண்டிருந்தவன் கரண்டியோடு வரிசையில் சேர்ந்தான். ஏனோக் ஐஸைக் கடித்துத் தின்றபடி ஆடினான். எட்மண்டுக்குக் கன்னம் வலித்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, போஸ்டர், சங்கு, பஸ் எல்லாம் காற்றாக வெளியே போனது.

வரிசை இரண்டு சுற்று வந்த பிறகுதான் கண்ணைத் திறந்தான்.

வரிசைக்கு முன்னால், வெள்ளைப் பட்டும் தலையில் நெட் முக்காடுமாக, கல்யாணப்பெண் சாரா. பக்கத்தில் நிற்க வேண்டியவன் மேடையில் இருந்ததால் அப்பாவைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தாள்.

கொர்னேலியஸுக்கு மூச்சு இளைத்தது. மேடைக்கு நேராக வந்ததும் கோட்டுப் பொத்தானைக் கழற்றிவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"நிறுத்திராதேயும், மாப்ளே."